ஏழாவது மீட்டர்

அந்தப் பட்டறைக்குள் வண்டியை நேராக ஓட்டிக்கொண்டு போய்விட முடியாது. வாசலிலேயே நிறுத்த வேண்டும். உள்ளேயிருந்து ஒருவர் வாளித் தண்ணீரும் சாக்குத் துணியுமாக வருவார். நான்கு சக்கரங்களையும் துடைப்பார். பிறகு கையை ஊன்றிக் குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்ப்பார். எங்கே சொட்டுகிறது, எவ்வளவு சொட்டுகிறது என்று தெரிந்த பிறகுதான் "வா, வா, மெதுவா" என்று கையசைப்பார். வண்டி நின்றதும் அவர் செய்கிற முதல் வேலை, அடியில் ஒரு தகரத் தட்டைத் தள்ளுவது. சொட்டாத வண்டிக்கும் தட்டு உண்டு. "இப்ப சொட்டல. மனசு மாறினா?" என்பார்.

அதனால் அவருக்குத் தட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

"ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ற ரூம்ல கூட இவ்வளவு கெடுபிடி கிடையாதுப்பா," என்று பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஊரில் வேறு நான்கு பட்டறைகள் இருந்தும் அவர் இங்கேதான் வருவார். வந்தால் திட்டாமல் போகமாட்டார்.

தட்டுக்குத் தரைமேல் இவ்வளவு கரிசனம் வந்ததற்குக் காரணம் அவருடைய மனைவி. அவள் திரைச்சீலை தைக்கிறவள். வீட்டு ஜன்னலுக்குத் தொங்கவிடும் சின்னத் துண்டுகள் அல்ல. மருத்துவமனை வார்டுகளுக்கு, பள்ளி அரங்குகளுக்கு, மண்டபங்களுக்குப் போகும் பெரிய பெரிய துணிகள். ஏழு மீட்டர், எட்டு மீட்டர் துணியை விரித்து வெட்ட எந்த மேசையும் போதாது. தரைதான் வேண்டும். நீளமான, வழவழப்பான, மேடு பள்ளமில்லாத ஒரே தரை.

முன்பு அவள் நகரத்தின் மறுகோடியில் ஒரு தையல் கம்பெனியில் இருந்தாள். அவர் வேறொரு கோடியில் ஒரு பட்டறையில் கூலிக்கு இருந்தார். கல்யாணமான முதல் ஆறு வருஷம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தூங்கும்போதுதான் பார்த்துக்கொண்டார்கள் என்று சொன்னால் பொய்யில்லை. பிறகுதான் காகிதம் அடுக்கி வைத்திருந்த இந்தப் பழைய கிடங்கு வாடகைக்குக் கிடைத்தது. நாற்பதடி நீளம். ஒரே சிமெண்டுத் தரை. பின்சுவர் ஓரம் அவளுடைய இரண்டு மெஷின்கள். வாசல் பக்கம் இவருடைய வண்டி. மதியம் மூன்று மணிவரை தரை இவருக்கு. அதன் பிறகும் சனி ஞாயிறும் அவளுக்கு.

தரையின் நடுவில் அவள் மஞ்சள் பெயிண்டால் கோடுகள் போட்டிருந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் பூஜ்யம். அங்கிருந்து மீட்டருக்கு ஒரு குறுக்குக் கோடாக வாசல்வரை ஒன்பது கோடுகள். துணியின் ஒரு முனையைப் பூஜ்யத்தில் வைத்து மறுமுனையை வேண்டிய கோட்டுக்கு இழுப்பாள். கத்திரி ஓடும். டேப்பைத் தொடமாட்டாள்.

முதல் வருஷம் தட்டுக்குத் தரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எண்ணெய் சிந்தினால் துடைத்தால் போயிற்று என்று நினைத்தார். சிமெண்டு எண்ணெயைக் குடிக்கும் என்பதும், குடித்ததை ஒரு வாரம் கழித்து மெல்ல வியர்க்கும் என்பதும் ஒரு வார்டுத் திரையில்தான் தெரிந்தது. வெள்ளைத் துணியில் காசளவு பழுப்பு. அவள் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தாள். தலையணை உறையாகத் தைத்து அவர் தலையணைக்குப் போட்டாள். கறை சரியாகக் கன்னம் படும் இடத்தில் வந்தது. ஒரு மாதம் அதன்மேல்தான் தூங்கினார்.

"இந்தா, உறையை மாத்தக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு? துடைச்சா போயிடும்னீங்களே," என்றாள்.

அதிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம். பழைய எண்ணெய்க் கறைமேல் சோப்புத்தூளைக் குழைத்து அப்பி, காய்ந்ததும் சுரண்டி, மறுபடி அப்பி, பதினைந்து நாளில் தரையை வெளுக்க வைத்தார். துளைகளுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும் திரவம் ஒன்றை வாங்கி இரண்டு தடவை பூசினார். ஜாக்கி ஸ்டாண்டின் இரும்புக் கால் சிமெண்டைப் பெயர்க்கும் என்பதால் ஒவ்வொரு காலுக்கும் ப்ளைவுட் சதுரம் அறுத்து வைத்தார். வெல்டிங் என்றால் அடியில் இரும்புத் தகடு. கழற்றிய சாமான் எதுவும் தரையில் படாது, எல்லாவற்றுக்கும் தட்டு. ஒரு தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தடித்த ரப்பர் பெல்ட்டை மூன்று துண்டாக வாங்கிவந்து வண்டி நிற்கும் இடம் முழுக்க விரித்தார். மூன்று மணிக்கு அதைப் பாய்போலச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்துவார். ஐந்து வருஷத்தில் ஒரு பொட்டுக் கறை இல்லை. யாராவது சுத்தியலைக் கைதவறிப் போட்டால் தன் காலில் விழுந்ததுபோல் துள்ளுவார்.

இதற்கிடையில்தான் மனைவியின் அண்ணன், இவருடைய மச்சான், ஒரு பேச்சை எடுத்தார். அவர் தன் வீட்டில் மாடி கட்டி முடித்திருந்தார். "எதுக்கும்மா அந்தக் கிரீஸ் நாத்தத்துல உட்கார்ந்திருக்கே? மாடி சும்மாத்தான் கிடக்கு. மெஷினைத் தூக்கிட்டு வந்துடு," என்றார் தங்கையிடம். அவள் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் தட்டை உறுத்தியது.

"போகணும்னு இருக்கா உனக்கு?" என்று கேட்டார்.

"இந்த மேடைத் திரை ஒண்ணு முடியட்டும். இதுல ஒரு பொட்டு விழுந்துது, நான் அண்ணன் மாடிக்குப் போயிடுவேன். விழலன்னா பார்க்கலாம்."

அது அவளுக்கு வந்ததிலேயே பெரிய வேலை. புதிதாகத் திறக்கப்போகும் ஒரு மண்டபத்தின் மேடைக்கு ஏழேழு மீட்டரில் எட்டுத் துண்டு வெல்வெட். கருஞ்சிவப்பு. ஒரே சாயத்தில் தோய்த்த துணி அளவாகத்தான் வந்திருந்தது. தவறினால் அதே நிறத்தில் இன்னொரு முழம் கிடைக்காது. திங்கள்கிழமை தொங்கவிட வேண்டும். சனிக்கிழமை வெட்டுவதாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வேன்காரர் வந்தார்.

"தட்டு, பிரேக்கை மிதிச்சா பஞ்சு மூட்டைல கால் வச்ச மாதிரி போகுது."

"அதோடவா பிள்ளைங்களை ஏத்தி இறக்குற?"

"இறக்கிட்டுத்தான் வந்தேன்!"

வேனை ஏற்றி, பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் சிலிண்டர் கசிந்திருந்தது. மாற்றினார். அடுத்து பைப்பிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் காற்றை விடும் நிப்பிளைத் திறந்து மூடுகிற வேலை. மனைவி அளவு சரிபார்க்க மண்டபத்துக்குப் போயிருந்தாள். வேன்காரரையே உட்கார வைத்தார்.

"நான் சொன்னா மட்டும் மிதி."

"சரி."

"மிதி. பிடிச்சுக்கோ. விடு. மிதி... யோவ், நான் எங்கய்யா மிதின்னேன்?"

"இப்பத்தானே மிதின்ன?"

"மிதிக்காதன்னு சொல்ல வாயைத் திறந்தேன்யா!"

நிப்பிளில் மாட்டியிருந்த குழாய் பிடுங்கிக்கொண்டு பிரேக் ஆயில் பீய்ச்சியடித்தது. தட்டின் முகத்தில் பாதி, மீதி ரப்பர் பெல்ட்டின்மேல். முகத்தைக் கழுவினார். பெல்ட்டை இரண்டு தடவை துடைத்தார். வண்டியின் வெளித்தகட்டில் ஒரு துளி பட்டிருக்கிறதா என்று தேடித் தண்ணீர் விட்டார், ஏனென்றால் பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும் என்பது சின்ன மெக்கானிக்குக்குக்கூடத் தெரியும். தரையில் கறுப்பாக எங்காவது தெரிகிறதா என்று பார்த்தார். இல்லை. எப்படித் தெரியும்? அது தண்ணீர் நிறத்தில் இருக்கும். இரண்டு பெல்ட்டுகள் சேரும் இடுக்கு வழியாக அது உள்ளே இறங்கி, மேலே ரப்பர் மூடிக்கொள்ள, மூன்று மணிவரை நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

வேன் போனதும் பெல்ட்டைச் சுருட்டினார். பிசுக்கென்று ஒட்டியது. புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் மஞ்சள். தரையில் ஏழாவது கோடு பாலாடைபோல் சுருங்கிக் கிடந்தது. எட்டாவது பாதி காணோம்.

ஐந்து வருஷமாகத் தரையைக் காப்பாற்றியவர். தரையில் பெயிண்டும் இருக்கிறது என்பதை மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை. சோப்பு போட்டு, தேய்த்து, சுரண்டி, கழுவினார். கீழே சிமெண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கோடுதானே? அலமாரியில் மிச்ச மஞ்சள் பெயிண்ட் டப்பா இருந்தது. அவள் ஆறு மணிக்குத்தான் வருவாள். அவளுடைய டேப் அவள் பையில் போயிருந்தது. தன் டேப்பை எடுத்தார். பூஜ்யத்திலிருந்து இழுத்து, ஏழுக்கும் எட்டுக்கும் குறி வைத்து, காகித ஒட்டுப்பட்டி ஒட்டி, நேராக, அழகாக இரண்டு கோடு அடித்தார். விசிறியைத் திருப்பி வைத்துக் காயவைத்தார்.

அவள் வந்ததும் மூக்கைச் சுளித்தாள். "என்ன பெயிண்ட் வாசனை?"

"ஒரு பம்பருக்கு அடிச்சேன்."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று சாப்பிடும்போது யோசித்தார். கோடு அழிந்தது என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும்? கறை கூட இல்லையே. ஆனால் 'இதுல ஒரு பொட்டு விழுந்துது' என்று அவள் சொன்ன குரல் காதில் இருந்தது. சுத்தமாகச் சரிசெய்துவிட்டோம், பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. பதில் கிடைக்காவிட்டாலும் தூக்கம் வந்தது.

சனிக்கிழமை காலை அவள் வெல்வெட்டை விரித்தாள். இவர் வழக்கம்போல் வாசலுக்கு வெளியே, ஒரு காரின் புகைக்குழாயை மாற்றிக்கொண்டிருந்தார். உள்ளே கத்திரி ஓடும் சத்தம் கேட்டது. நல்ல துணியை நல்ல கத்திரி வெட்டும் சத்தம் அவருக்குப் பிடிக்கும். முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டே புதுக்குழாயை அளக்க டேப்பை வைத்தார்.

அந்த டேப்பின் முனைக் கொக்கி உடைந்து இரண்டு வருஷமாகிறது. முதல் நாலைந்து சென்டிமீட்டரும் மடங்கி நைந்துவிட்டன. அதனால் அவர் எப்போதும் பத்திலிருந்துதான் அளப்பார். பத்தை முனையில் வைப்பார், வந்த அளவில் பத்தைக் கழிப்பார். கை தானாகச் செய்கிற வேலை. இப்போதும் கை பத்தைக் குழாய் முனையில் வைத்தது. எண்பத்தைந்து. கழித்தால் எழுபத்தைந்து.

பாட்டு நின்றுவிட்டது.

நேற்று பத்திலிருந்துதான் வைத்தோமா? வைத்தோம். குறி வைக்கையில் பத்தைக் கூட்டினோமா?

தட்டு எழுந்து உள்ளே போனார். அவள் எட்டாவது துண்டை வெட்டி முடித்து மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு நிறைவு.

"இந்தா, கத்திரியைக் கொஞ்சம் கீழ வையேன்."

"ஏன், குத்திடுவேன்னு பயமா?"

"ஆமா."

அவள் சிரித்தாள். அவர் சொன்னார். குழாய் பிடுங்கியது, பெல்ட்டடியில் தேங்கியது, கோடு உரிந்தது, பம்பர் பொய், டேப், பத்து. வரிசையாக, ஒன்றையும் விடாமல். அவள் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று அவர் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அவள் பையிலிருந்து தன் டேப்பை எடுத்தாள். பூஜ்யத்தில் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு இழுத்தாள். ஆறு தொண்ணூறு. மறுபடி இழுத்தாள். ஆறு தொண்ணூறு.

"எட்டுத் துண்டும் அப்படியேவா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒரே கோட்டுல வெட்டினா எட்டும் எப்படி இருக்கும்? ஒரே அளவா இருக்கு. அதுல ஒரு குறையும் இல்ல." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எதுக்கு மறைச்சீங்க?"

"நீ அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்னு."

"எண்ணெய் கொட்டினா துடைச்சிருக்கலாம். கறை பட்டா அந்த இடத்தை ஒதுக்கியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியும். கோடு தப்பா இருந்தா எனக்கு எப்படிங்க தெரியும்? நான் ஒருநாளாவது சந்தேகப்பட்டு அளந்து பார்த்திருக்கேனா? உங்களைக்கூட அவ்வளவு நம்பினதில்ல."

"தரைக்கு ஒண்ணும் ஆகலைன்னு..."

"எனக்கு எதுக்குங்க தரை? தரை ஊரெல்லாம் இருக்கு!"

இத்தனை வருஷம் அவளுக்காகத்தான் தரையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்திருந்தார். அவள் அதில் எதைப் பார்க்கிறாள் என்று கேட்டதே இல்லை. அவருக்கு அது அழுக்காகக் கூடாத ஓர் இடம். அவளுக்கு அது ஒன்பது மீட்டர் நீளமுள்ள ஒரு டேப். அந்த டேப்பில்தான் அவர் போய்க் கை வைத்திருக்கிறார்.

"அப்ப... போகப்போறியா?"

"போகத்தான் போறேன். முதல்ல இதைத் தைக்க வேணாமா? நகருங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க."

அவள் ஒரு துண்டைப் பிரித்து அடிவிளிம்பைக் கையில் மடித்து மடித்துப் பார்த்தாள். மேடையில் தொங்க ஆறு எழுபது வேண்டும். மேலே வளையத்துக்கு மடிக்கப் பதினைந்து. கீழே சங்கிலி வைத்து மடிக்கப் பதினைந்து. சங்கிலிக் கனம் இல்லாவிட்டால் திரை விறைத்துக்கொண்டு நிற்கும், விழாது. இப்போது கீழே மிச்சம் ஐந்து. ஐந்தில் சங்கிலியை எங்கே வைப்பது? வளையப் பக்கம் குறைக்க முடியாது. மண்டபத்துக் கம்பி அப்படி. அரைமணி நேரம் துணியைத் திருப்பித் திருப்பி அளந்தாள். தட்டு வாசலுக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்றார். காருக்குச் சொந்தக்காரர் வந்து எட்டிப் பார்த்து, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளன்னிக்கே வரேன்" என்று போய்விட்டார்.

"உள்பட்டி கொடுத்துடலாம்," என்றாள் கடைசியில், துணியிடம் சொல்வதுபோல. "பின்பக்கத்துக்கு வாங்கின கறுப்புத் துணில பட்டை வெட்டி விளிம்புல சேர்த்து உள்ள மடிச்சுடலாம். தையலுக்கு ரெண்டு போனாலும் போதும். சங்கிலி பட்டைக்குள்ள போயிடும். முன்னாடி தெரியாது."

"அப்ப சரியாயிடுமா?"

"எட்டு துண்டுக்கும் அடியில ரெண்டு தையல் கூடுதல். ஒரு நாள் வேலை. ஒத்தைக் கையால முடியாது, வெல்வெட் கனக்கும்." அவர் கைகளைப் பார்த்தாள். "போய்க் கழுவுங்க."

கழுவினார். மரத்தூளும் சோப்பும் போட்டுத் தேய்த்து, நகத்தடியைப் பழைய பல்துலக்கியால் நோண்டி, வந்து காட்டினார். "இன்னொரு தரம்," என்றாள். மறுபடி கழுவினார். மூன்றாவது தடவை திருப்பியனுப்பியபோது கை சிவந்திருந்தது. அதன்மேல் அவளுடைய பழைய கையுறை ஒன்றையும் மாட்டிவிட்டாள்.

ஞாயிறு முழுக்க அவர் மெஷினுக்குப் பின்னால் நின்று துணியைத் தாங்கினார். அவள் தைக்கத் தைக்க, கனம் ஊசியை இழுக்காதபடி தோளில் போட்டு, மெல்ல விட வேண்டும். இதற்கும் அவள்தான் சொல்வாள். "விடுங்க. பிடிங்க. விடுங்க." ஒரு தடவைகூட அவர் முந்திக்கொள்ளவில்லை. நேற்றிலிருந்து அவள் முகத்தில் இருந்த இறுக்கம் மூன்றாவது துண்டில் கொஞ்சம் தளர்ந்தது. நான்காவதில், "வேன்காரரை உட்கார வச்சதே தப்பு. அவர் பிரேக்கைத் தவிர எல்லாத்தையும் மிதிப்பார்," என்றாள். தட்டு பக்கென்று சிரித்துத் துணியை விட்டுவிடப் பார்த்தார்.

மத்தியானம் மச்சானின் போன் வந்தது. அவள் வாயில் ஊசிகள். போனை இவரிடம் நீட்டி, பேசுங்கள் என்று கண்ணைக் காட்டினாள்.

"என்ன மாப்ள, தங்கச்சி எப்ப வரா? ஆள் சொல்லணும் மெஷின் தூக்க."

தட்டு அவளைப் பார்த்தார். அவள் ஊசிகளைக் கையில் துப்பினாள். "மாடி எத்தனை மீட்டர் நீளம்னு கேளுங்க."

"மச்சான், மாடி எத்தனை மீட்டர் நீளம்?"

"ஆறு, ஆறரை இருக்கும். எதுக்கு? டைல்ஸ் போட்டிருக்கேன்னு சொல்லுங்க, முகம் பார்க்கலாம்."

"ஆறரையாம். டைல்ஸாம். முகம் பார்க்கலாமாம்."

"முகம் பார்க்கக் கண்ணாடி இருக்குன்னு சொல்லுங்க. வெல்வெட் அதுல வழுக்கும். வேற யாருக்காவது விடச் சொல்லுங்க," என்றவள் ஊசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

தட்டு அதை மச்சானிடம் சொன்ன விதம் மரியாதையாகத்தான் இருந்தது. குரலில் மட்டும் கொஞ்சம் துள்ளல் கூடிவிட்டது.

"அவ்வளவு சந்தோஷம் வேணாம்," என்று ஊசிகளுக்கு நடுவிலிருந்து சத்தம் வந்தது.

திங்கள்கிழமை மண்டபத்தில் எட்டுத் துண்டும் ஏறின. கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். திரை ஒருமுறை அசைந்து, சங்கிலிக் கனத்தில் நேராக இறங்கி, மேடைப் பலகைக்கு ஒரு விரல் மேலே நின்றது. மண்டபத்துக்காரர் விளிம்பைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. அவள்தான் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை பட்டறையில் ஏழாவது, எட்டாவது கோடுகளைச் சுரண்டி எடுத்தாயிற்று. அவள் மஞ்சள் டப்பாவைத் திறந்தாள்.

"இரு," என்றார் தட்டு. "பெயிண்ட் வேணாம். இன்னொரு நாள் வேற ஏதாவது கொட்டும். உரியும். நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தாலும் உரியும்."

"வேற என்ன பண்றது?"

அவர் கிரைண்டரை எடுத்து வந்தார். அதில் கல் வெட்டும் மெல்லிய சக்கரம் மாட்டியிருந்தது.

"தரையையா?" என்றாள்.

"நூல் அகலத்துக்கு. ஆழம் ரெண்டு மில்லி. எந்த ஆயிலும் அழிக்க முடியாது."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு தன் டேப்பின் முனையைப் பூஜ்யத்தில் வைத்து, அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டாள். அவர் மறுமுனையை இழுத்து, படித்த எண்ணை உரக்கச் சொன்னார். அவள் வந்து சரிபார்த்தாள். அவர் போய்ப் பூஜ்யத்தில் உட்கார்ந்தார். அவள் படித்தாள். இரண்டும் ஒன்றாக இருந்த பிறகு குறி வைத்தார்கள். நேராக ஓட ஒரு இரும்புப் பட்டையை வைத்து அழுத்திக்கொண்டார்கள். தூசி பறக்காமல் இருக்க அவள் ஒரு குவளையில் தண்ணீர் வைத்துக்கொண்டாள்.

இதே நேரம்தானா வேன்காரர் வந்து நிற்க வேண்டும்?

"ஐயோ தட்டு! என்னப்பா பண்ற? தங்கச்சி, இவருக்கு ஏதோ ஆயிடுச்சு. தரையை வெட்டறார்!"

"சக்கரத்தைத் துடைச்சீங்களா அண்ணே?" என்றாள் அவள்.

"நீங்க வெட்டலாம், நான் மட்டும் துடைக்கணுமா?"

"ஆமா," என்றார்கள் இரண்டு பேரும்.

கிரைண்டரை ஓடவிட்ட பிறகும் ஒரு கணம் அவர் கை இறங்கவில்லை. இத்தனை வருஷத்துப் பழக்கம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவள் குவளையைச் சாய்த்தாள். தண்ணீர் குறிமேல் ஓடியது. அவர் சக்கரத்தை இறக்கினார். சாம்பல் நிறச் சேறு வழிந்தது, கோடு விழுந்தது.

கழுவித் துடைத்ததும் அவள் ஒரு வெல்வெட் துணுக்கை எடுத்து அந்தக் கீறல்மேல் இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தாள். எங்கும் சிக்கவில்லை. விரல் நகத்தை உள்ளே விட்டுப் பார்த்தாள். நகம் நின்றது.

"ஏழு," என்றாள். "தள்ளிப்போங்க, அடுத்தது எட்டு."